குடிக்காமல் விட்ட கோப்பி

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நான் இருந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். அது முற்றத்தைப் பார்த்தது. உயரமான கூரை, பூப்போட்ட சீமெந்துக் கல் பதித்த தரை, திரைக்குப் பின்னால் சமையல். குளியலறை, பின் பல்கனியை மறித்துப் பிற்காலத்தில் கட்டியது. உலகப் போருக்கு முன்னர் துறைமுகத் தொழிலாளர் சிலர் கூட்டுறவாகச் சேர்ந்து எழுப்பிய கட்டடம் அது. என் காலத்தில் கீழே ஒரு மீன் வியாபாரியின் குடும்பம் இருந்தது. அவர்களுக்கு மேலே கூட்டுறவின் தலைவரும் மனைவியும். எங்கள் தளத்தில் கானாக்காரர் ஒருவரும் வங்காளதேசத்துக் குடும்பமொன்றும் வாடகைக்கு இருந்தார்கள். எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு, தாளிக்கும் மணத்தை வைத்தே சொல்லலாம்.

அறை என்னுடையதல்ல. அதற்குரிய உறுப்பினர் ஒரு முதியவர். முதியோர் இல்லத்துக்குப் போனபோது எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். குளிர்காலத்தில் அவர் அங்கேயே இறந்தார். வாரிசு இல்லை. அப்படியான அறை கூட்டுறவுக்குத் திரும்பிவிடும். பிறகு அது யாருக்கு என்பதை உறுப்பினர்கள் கூடிக் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். கேட்பவர் நேரில் வரவேண்டும். மேசையில் இருந்து, கொடுக்கிற கோப்பியைக் குடித்து, தன் வாயால் கேட்கவேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது.

என்னைத் தவிர, மீன் வியாபாரியின் தங்கை மகனும் கேட்டிருந்தார். உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது அவருடைய எண்ணம்.

“நீங்கள் பயப்படாதேங்கோ, சின்யோரா. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கிற சனத்தைவிட நீங்கள் எவ்வளவோ பரவாயில்லை,” என்றார் தலைவர். அதை அவர் புகழ்ச்சியாகவே சொன்னார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் என் அண்ணன் இறந்தார்.

செய்தி கைபேசியில் வந்தபோது லிபெர்த்தா வீதியில், நான் பராமரிக்கும் வயதான சின்யோராவுக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். பருக்கி முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு வீட்டு நடைக்குப் போய் ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். செத்தவீட்டை என் அறையில், சீனித் தகரப் பேணியில் சாய்த்து வைத்த கைபேசியில் பார்த்தேன். அங்கே பிடித்துக்கொண்டிருந்தவருடைய கை சரிந்துவிட, பெரும்பாலும் பந்தலின் கூரைதான் தெரிந்தது.

“மாமி, தெரியுதோ?” என்று அண்ணனின் மகன் கேட்டான்.

“ஓம், தெரியுது,” என்றேன்.

நான் அழவில்லை. அதைத் திடமென்றோ குறையென்றோ சொல்லவில்லை; நடந்ததைச் சொல்கிறேன். இத்தாலிக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். மரண அறிவித்தல்கள் என் மேசைக்குத்தான் வரும். பிறப்பிடம், வதிவிடம், அன்பு மகன், பாசமிகு சகோதரன் என்று ஒழுங்குபடுத்தி அச்சுக்கு அனுப்புவேன். அண்ணனுடைய அறிவித்தலில் எழுத்துப் பிழை இருக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இத்தாலி என்று போட்டிருந்தார்கள்.

கலியாணம் செய்திருந்தால் சாவுத் தீட்டான துடக்கு எனக்குக் குறைந்த நாட்கள்தான். செய்யாதபடியால் பிறந்த வீட்டுத் துடக்கு முப்பத்தோராம் நாள்வரை எனக்கும் உரியது. நான் பெரிய பக்திக்காரி அல்ல. ஆனால் துடக்கோடு பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவதில்லை. அதை நம்புகிறேனா என்று என்னை நானே கேட்டதில்லை.

கூட்டம் வழக்கமாக முற்றத்தில் நடக்கும். திறந்தவெளி என்றால் ஓரமாகக் கதிரை போட்டு இருந்து கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கதிரைகளைத் தலைவரின் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். அங்கே அவருடைய மகள் பிரசவத்துக்குப் பிறகு தாய் வீட்டில் தங்கியிருந்தாள். குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான்.

வாசலில் நின்றேன். உள்ளே மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். எனக்கென்று ஒரு கதிரையை இழுத்து வைத்திருந்தார்கள்.

“வாங்கோ, வாங்கோ,” என்றார் தலைவரின் மனைவி.

“இல்லை, இஞ்சையே நிக்கிறன்.”

அவர் கோப்பியை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். நான் வாய் வைத்த கோப்பை அந்தக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் திரும்பிப் போகும். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருடைய முகம் மாறியதைக் கவனித்தேன். உள்ளே யாரோ மீன் வியாபாரியின் காதில் எதையோ சொல்லிச் சிரித்தார்.

“பிள்ளைக்குக் காத்துப் படும். உள்ளை வாங்கோ, இல்லாட்டிக் கதவைச் சாத்தவேணும்.”

“சாத்துங்கோ,” என்றேன்.

சாத்தினார். நான் மேலே ஏறிப் போய், ஊறப்போட்டிருந்த உடுப்புகளைத் தோய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை என் சிநேகிதி சின்யோராவின் சமையலறைக்கு வந்தாள். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், லிபெர்த்தாவில் அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேலை. அண்ணன் இறந்தது பலெர்மோவில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அக்கா, அறை போயிட்டுதாம். மீன்காரன்ரை மருமகனுக்காம். சந்தை முழுக்க இதுதான் கதை.”

“ஓம்.”

“என்ன ஓம்? நீங்கள் கோப்பியைத் தள்ளி விட்டனீங்களாம். எங்கடை கோப்பி பிடிக்காட்டி எங்கடை அறை மட்டும் என்னத்துக்கெண்டு கேக்கினமாம்.”

“அங்கை பச்சைக் குழந்தை. எனக்குத் துடக்கு.”

“அதைச் சொல்லுறதுக்கென்ன?”

“பிள்ளை பெத்த வீட்டு வாசல்லை நிண்டு சாவைச் சொல்லுறதே?”

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “ஊரான்ரை சாவெல்லாம் பேப்பரிலை போட்டனீங்கள். சொந்தத் தமையன்ரை சாவைச் சொல்ல வாய் வரேல்லை. உங்களுக்கு விசர், அக்கா. சும்மா விசரில்லை, படிச்ச விசர்.”

“மெல்லக் கதையும். சின்யோரா நித்திரை.”

“அவவுக்குக் காது கேட்டாத்தானே!”

அன்று பின்னேரமே அவள் சந்தையில் தலைவரின் மனைவியைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். இருட்டுமுன் என் கதவைத் தட்டினார்கள். தலைவரின் மனைவி ஒரு மூடிய சட்டியோடு நின்றார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அயலார் சாப்பாடு கொண்டுவருவது அவர்களிடமும் உண்டு. சட்டியை மேசையில் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஏன் சொல்லேல்லை?”

“உங்கடை பேரப்பிள்ளை இருந்தது.”

அவர் என் கைகளை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு, “இந்தக் கட்டடத்திலை ஆருக்கும் சாவு எண்டால் நாங்கள் கூட்டம் வைக்கிறேல்லை. அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவம். என்ரை மாமியார் காலத்திலையிருந்து அப்பிடித்தான்,” என்றார்.

வாடகைக்கு இருப்பவர்களை, அறை கேட்டாலொழிய, கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அந்த வழக்கம் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

“இப்ப?” என்று கேட்டேன்.

“இப்ப கை தூக்கியாச்சு, சின்யோரா.”

அந்தக் கிழமை முழுவதும் சாப்பாடு வந்தது. கோழி சூப், இறைச்சி போட்ட பாஸ்தா. துடக்குக்கு மச்சம் சாப்பிடுவதில்லை என்று சொல்ல இனி எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வைத்தேன். என் சிநேகிதி வந்து, “துடக்கு உங்களுக்குத்தானே, எனக்கில்லையே,” என்று மேசையில் இருந்து சாப்பிட்டாள். மீன் வியாபாரியின் மருமகனும் மத்தி மீன் போட்ட பாஸ்தா கொண்டுவந்தார். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, அண்ணனுக்கு என்ன வயது என்று கேட்டார். உண்மையாகவே வருந்தினார். போகும்போது, சன்னலால் பின்னேர வெயில் வருமா என்று கேட்டார். கொஞ்சம் வரும் என்றேன்.

ஒருவரும் என்மேல் கோபமாக இல்லை. ஒருவரும் மறுபடி கை தூக்கலாம் என்று சொல்லவுமில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு சட்டிகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கதவாகக் கொடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கடைசியாகத் தலைவரின் வீடு. வாசலில் நிற்கவில்லை, உள்ளே போனேன். அன்று எனக்கென்று இழுத்து வைத்த கதிரை எது என்று தெரியவில்லை. அருகில் இருந்த ஒன்றில் இருந்தேன். மகள் குழந்தையை என் மடியில் வைத்தாள். அது பாலின் மணத்தோடு நித்திரை கொண்டது.

“எங்கை போறியள்?” என்று தலைவர் கேட்டார்.

“ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு. ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலை அறை இருக்கு.”

“வேலைக்கு வந்து போறது தூரம்.”

“ஓம், தூரம்தான்.”

“ஆனால் கடல் இருக்கு,” என்றார்.

அவருடைய மனைவி கோப்பி கொண்டுவந்தார். குழந்தை அசையாதபடி ஒரு கையால் வாங்கிக் குடித்தேன். மேசையைச் சுற்றி அவர்கள் இருந்தார்கள். கோப்பி முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.