மரவந்தேயில் எண்ணிய செருப்புகள்

ஆளை எண்ணுகிறவன் முட்டாள் என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து கிளம்பும் ஒரு டூர் பஸ்ஸில் எனக்கு வேலை. உடுப்பி, மல்பே, மரவந்தே, முருடேஸ்வரா, கோகர்ணா என்று நாலு நாள் கடற்கரைச் சுற்று. ஐம்பது பேரை ஏற்றி இறக்கி, வேளாவேளைக்குச் சோறு பார்த்து, ஒருத்தரையும் தொலைக்காமல் பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தலையை எண்ணினால் கணக்கு உதைக்கும். குழந்தை மடியில் கிடக்கும், ஒருவர் மிக்சர் வாங்க இறங்கியிருப்பார், இரண்டு பேர் சீட் மாறி உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

அதனால் நான் செருப்பை எண்ணினேன். பஸ்ஸுக்குள் மணல் வந்தால் முதலாளி கத்துவார் என்று சொல்லி, கடற்கரைக்குக் கடற்கரை எல்லாரையும் செருப்பைப் படிக்கட்டுப் பக்கம் கழற்றிவிட்டுப் போகச் சொல்வேன். மணல் சுடுகிறது என்று குதித்துக் குதித்து ஓடுவார்கள். திரும்பி வந்து காலைக் கழுவி, அவரவர் செருப்பை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். வாசலில் ஒரு ஜோடிகூடக் கிடக்கவில்லை என்றால் பஸ் நிறைந்துவிட்டது. மூன்று சீசனாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை. அந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த மே மாதம் கடைசி நேரத்தில் ஒரு சீட் காலியானது. முதலாளியிடம் கெஞ்சி என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகி நாலு வருஷம். அவள் கடலையே பார்த்ததில்லை. அதற்கு முந்தைய வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நான் பிழைத்து எழுந்தால் ஒரு வருஷம் காலில் செருப்பு போடமாட்டேன் என்று அவள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் எழுந்தேன். அவள் வெறுங்காலோடு வேலைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வந்தாள். பத்து மாதத்தில் அது என் கண்ணில் படுவதே நின்றுபோயிற்று.

மரவந்தேயில் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்தினால் போதும், ஜனங்கள் நேராகத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றாள்.

"இன்னாங்க, நீங்களும் வாங்களேன். காலுக்குக் கீழ மண்ணு ஓடுது பாருங்க."

"எனக்கு வேலை கீது. நீ ஆடு" என்று சொல்லிவிட்டு பஸ் பக்கம் வந்துவிட்டேன்.

அரைமணி கழித்து விசில் அடித்தேன். ஈரத்துணியும் கூச்சலுமாக எல்லாரும் வந்து ஏறினார்கள்.

"இன்னா குரு, எல்லாம் வந்தாச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

வாசலைப் பார்த்தேன். ஒரு செருப்பு இல்லை. "ஃபுல்லுண்ணே, எடுங்க" என்று கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

பட்கலில் டீக்கு நிறுத்தினோம். அவளுக்கு ஒரு டீயை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். "உன் வீட்டுக்காரி முன்னாடி உன்கூட இல்லையா? அங்கதான் குந்தினு இருக்கான்னு நெனச்சேன்."

டீ என் கையில் கொட்டியது. சுட்டது தெரியவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது தண்ணீரில் நின்றாள். அந்த பஸ்ஸிலேயே செருப்பில்லாத ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

பஸ்ஸைத் திருப்பச் சொல்லி டிரைவரின் காலில் விழாத குறை. "முருடேஸ்வராவுல சன்செட் போயிடுமேப்பா" என்றார் ஒருவர். அந்த மனிதரைக் கழுத்தை நெரித்திருப்பேன். டிரைவர்தான், "இவங்கள நான் பாத்துக்கறேன். நீ எதுலயாச்சும் ஏறி ஓடு குரு" என்றார்.

எதிரே வந்த மீன் லாரியைக் கையை விரித்து மறித்தேன். லாரிக்காரர் நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டார். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்தக் கடல் கரையிலேயே ஆழம், இழுத்தால் விடாது, உடம்பு மூன்றாம் நாள்தான் ஒதுங்கும் என்று கன்னடத்தில் எனக்கு விளக்கினார். "சும்மா ஓட்டுங்க சாமி" என்றேன். வழியெல்லாம் மாரியம்மனைத் திட்டினேன். என்னை எதற்குப் பிழைக்க வைத்தாய், அன்றைக்கே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டேன். அடுத்த மூச்சில், அவளை மட்டும் எடுத்துக்கொள்ளாதே தாயே என்று கெஞ்சினேன். பதிலுக்கு எதையாவது நேர்ந்துகொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மரவந்தேயில் இறங்கியபோது கரையில் ஓர் ஆளில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வீட்டில் ஒரு நாளும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. தண்ணீரில் எதுவோ மிதந்தது. இடுப்பளவு இறங்கிப் பிடித்தால் தென்னை மட்டை. அப்படியே நானும் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்தில் ஓர் இளநீர்க் கடை. கடைக்கார அம்மா என்னை வா வா என்று கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் பெஞ்சில், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நடந்ததைக் கடைக்கார அம்மாதான் கன்னடத்தில் சொன்னார். தூரத்தில் தாழம்புதர்ப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறாள். விசில் கேட்டுத் திரும்பி வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடியிருக்கிறாள். மே மாதத் தார் ரோட்டில் வெறுங்கால் எவ்வளவு தூரம் ஓடும்? பாதம் இரண்டும் கொப்பளித்து, நடக்க முடியாமல் ரோட்டோரத்தில் விழுந்தவளை இவர்தான் தாங்கிக் கூட்டி வந்திருக்கிறார்.

"என்னை மன்னிச்சுடும்மே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவரு, உன் வீட்டுக்காரரா?" என்று கன்னடத்தில் அவளிடம் கேட்டார்.

அவளும் கன்னடத்திலேயே, தண்ணீரிலிருந்து காலை எடுக்காமல், பதில் சொன்னாள்.

"இல்லக்கா. பஸ்ல ஆள் எண்ணுறவரு."