காற்றுப் பொறுப்பாளர்

மூலனூருக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் மூன்றே மூன்று நாட்கள் ஒரு விமான நிலையம் இருந்தது. அந்த விமான நிலையத்தில் காற்றுக்கு நான்தான் பொறுப்பு. இதைக் கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் பாதிக் கதை வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

வீரபாண்டியில் ஓர் எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்ஷனுக்கு நான் இன்சார்ஜ். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் படம் அனுப்புவார். அதைப் பார்த்து முதல் உருப்படியைத் தைப்பது என் வேலை. பையர் அதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, 'அப்ரூவ்ட்' என்று ஓர் அட்டையைக் கட்டிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு தையலைக்கூட யாரும் மாற்றக் கூடாது. ஒருமுறை, கழுத்து சின்னதாக இருக்கிறதே, குழந்தைக்குத் தலை நுழையாதே என்று நானாக அரை அங்குலம் பெரிதாக்கிவிட்டேன். 'அப்ரூவல்படி இல்லை' என்று மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. அதிலிருந்து, மூன்று கை வைத்துச் சட்டை கேட்டாலும் அப்ரூவல் இருந்தால் மூன்று கை வைத்துக் கொடுக்கிறவன் நான்.

எங்கள் சின்ன முதலாளி வெளிநாட்டில் கலை படித்துவிட்டு வந்தவர். பாலைவனத்தில் கலைவிழா நடத்துவதை எங்கேயோ பார்த்திருக்கிறார். நமக்கும் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பாலைவனம் கிடையாது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. கடைசியில் மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டைப் பிடித்தார்கள். கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரம் விட்டு, ஆடு மாடு மேய வைத்திருக்கும் மானாவாரி நிலம் அது. மணல் இல்லாத குறைக்கு லாரி லாரியாக எம்-சாண்ட் கொண்டுவந்து கொட்டினார்கள். வாசலில் 'பாலைவனக் கலைவிழா' என்று போர்டு வைத்தார்கள்.

காட்டுக்காரர் அறுபது வயசுக்காரர், மிகவும் மரியாதையான மனிதர். போர்டைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, எங்கொறங்காட்டயா பாலைவனங்கறீங்க? நாளைக்கு எம்பையனுக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் போர்டில் 'தற்காலிக' என்று முன்னால் சேர்த்து எழுதினோம். தற்காலிகப் பாலைவனக் கலைவிழா. அவருக்குத் திருப்தி.

பாலைவனத்துக்கு ரோட்டில் வந்து இறங்கினால் அது பாலைவனமே இல்லை என்பது சின்ன முதலாளியின் கொள்கை. ஆகவே விமானம். அதற்கான அனுமதிக் காகிதங்களையெல்லாம் விமானக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். விமானம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. பைலட்டும் இன்னொருவரும் மட்டும் உட்காரும் வண்டி. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து முக்கிய விருந்தினர்களை ஒவ்வொருவராக ஏற்றி வந்தது. முதல் நாள் மாலைக்குள் நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மற்றவர்கள் தாராபுரம் பஸ்ஸில் வந்து காலையிலேயே இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

விமான நிலையத்தை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். அதாவது, ஞாயிற்றுக்கிழமை தன்னார்வத்துடன் வர வேண்டும் என்று சனிக்கிழமை உத்தரவு வாங்கிய நாங்கள். எங்களுக்குத் தெரிந்தது பனியன் அனுப்புவது ஒன்றுதான். மனிதர்களையும் அதே மாதிரி அனுப்பினோம். வருகிறவரைத் துணி எடை போடும் தராசில் நிறுத்தி, ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று குறித்தோம். துணியில் விலைச் சீட்டைப் பிளாஸ்டிக் ஊசியால் அடிக்கும் டேக் கன் வைத்து, போர்டிங் பாஸைச் சட்டைக் காலரில் அடித்தோம். எங்கள் கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிக்காரர், பயணிகளின் செல்போன்களை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு, புறங்கையில் 'க்யூ.சி. பாஸ்டு' என்று பனியனுக்குக் குத்தும் தரச் சீலைக் குத்தினார். பைலட்டுக்கும் குத்தினார். பைலட்டின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்தது காற்று. விமான நிலையத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் நீளமான துணிக் குழாய் தொங்கும். திருப்பூர்க்காரனுக்கு இதைவிட எளிதான வேலை உண்டா? எங்கள் நிட்டிங் மிஷினில் துணியே குழாயாகத்தான் இறங்குகிறது. நான் நைலானில் செய்யலாம் என்றேன். சின்ன முதலாளி கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். இயற்கை விழாவாம், ஆர்கானிக் பருத்திதான் வேண்டுமாம். சரி என்று நல்ல கனமான பருத்தி ஜெர்சியில் தைத்தேன். பனியன் கழுத்துக்கு வைப்பது போல, இழுத்துச் சுருங்கும் ரிப்பை வாய்க்கு வைத்தேன். மேலே விழாவின் சின்னத்தைத் தடிமனாக பிரிண்ட் அடித்தோம். மிருதுவாக இருக்க வாஷிங் போட்டோம். ஓரத்தில் எப்படித் துவைக்க வேண்டும் என்று லேபிள்கூட வைத்தேன், கை சும்மா இருக்கவில்லை. சின்ன முதலாளி கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்ரூவ்ட் அட்டையில் கையெழுத்துப் போட்டார். அட்டையோடு சேர்த்து ஓர் இரும்பு வளையத்தில் கட்டிக் கம்பத்தில் ஏற்றினேன்.

முதல் நாளே பைலட் எனக்குப் பாடம் நடத்தினார். "சார், காத்து எனக்கு எதிரே இருக்கிற மாதிரிதான் நான் இறங்கணும். முதுகுப் பக்கமிருந்து அடிச்சா வண்டி நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். காத்தே இல்லைன்னா மேற்கேயிருந்து வந்து இறங்கறேன், கூடாரத்துக்குப் பக்கமா நிக்கலாம். உங்ககிட்ட வயர்லெஸ் கிடையாது. மேலேயிருந்து நான் பாக்கறது உங்க துணியை மட்டும்தான்." ஓடுதளத்தின் கிழக்கு முனையில் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் ஒரு பாழுங்கிணறு.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு மேற்குக் காற்று எழுந்தது. வைகாசிக் கடைசி, அந்தப் பக்கத்தில் எழாமல் இருந்தால்தான் அதிசயம். என் டி-சர்ட் முதுகில் படபடவென்று அடித்தது. நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தேன். என் குழாய் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று ஜெர்சியின் கண்கள் வழியாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. ரிப் வேறு வளையத்துக்கு முன்னால் சுருங்கி வாயை மூடியிருந்தது. பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. துணி தப்பு. செய்தவன் நான்.

வேறு யாராவதாக இருந்தால் உடனே அதை இறக்கியிருப்பார்கள். நான் அப்ரூவல் வாங்கப் போனேன்.

சின்ன முதலாளி பத்து மணிக்கே எம்-சாண்டில் இடுப்புவரை புதைந்து உட்கார்ந்திருந்தார். அது அவருடைய கலை நிகழ்ச்சி. மாலை நான்கு மணிவரை பேச மாட்டார், அசைய மாட்டார், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு கைப்பிடி மணல் போடலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "சார், விண்ட் சாக்ஸ் துணி மாத்தோணும், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்று பேப்பரை நீட்டினேன். அவர் தொடுவானத்தைப் பார்த்தார். பேனாவைக் கையில் சொருகினேன். விழுந்தது. எடுத்து மறுபடியும் சொருகினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, "அதிகாரத்தின் மௌனம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பேப்பரும் கையுமாக வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் கரண்ட் பில்லை நீட்டினார்.

கையெழுத்து இல்லாமல் திரும்பினேன். பைலட் அனுபவசாலி, அவருக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்றிலிருந்து தப்பான துணியைத் தொங்கவிட்டிருக்கிறாயா என்று கேட்பார். இருபத்தைந்து வருடச் சாம்பிள் இன்சார்ஜ் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். தன்னார்வலர் வீட்டில் ஒருவருக்கு விமானத்தில் ஒரு சுற்று இலவசம் என்றிருந்தார்கள். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சேலை சரிப்படாது என்று அக்கா மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். விமானத்துக்குப் பக்கத்தில் போனதும் முதல் காரியமாக சீட் கவரைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். காலரில் மீடியம் என்று டேக் அடித்தார்கள். சந்தோஷத்தில் முகமே வேறாக இருந்தது. ஏறப் போகும்போது காற்றில் துப்பட்டா பறந்து என் முகத்தில் அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, காத்து பலமா இருக்கறாப்ல இருக்குதே. ஏறலாங்களா?"

நான் கம்பத்தைக் காட்டினேன்.

"அதப் பாரு அம்மிணி. ஆடவே இல்ல. ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வா."

அவள் ஏறிக்கொண்டாள். கையெல்லாம் காட்டினாள். வண்டி மேற்கே ஓடி ஏறி, மூலனூர்ப் பக்கம் திரும்பிச் சின்னதாகிப் போயிற்று.

பத்து நிமிடச் சுற்று அது. ஐந்தாவது நிமிடத்தில் காற்று எம்-சாண்டை வாரி எங்கள் செக்-இன் கூடாரத்தின் மேல் அடித்தது. தராசு கவிழ்ந்தது. காட்டுக்காரரின் ஆடுகள் வேலி ஓரமாய் ஒண்டின. என் குழாய் மட்டும் நல்ல பிள்ளையாகத் தொங்கியது. மேற்கே விமானம் தெரிந்தது. காற்று அடங்கிவிட்டது என்று என் குழாயைப் பார்த்து நம்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, கிணற்றைப் பார்த்து இறங்க வந்துகொண்டிருந்தது. அன்று பயந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

கயிற்றை இழுத்துக் குழாயை இறக்கினேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் கட்டரால் வளையத்திலிருந்து அறுத்தெடுத்தேன். மாற்றுத் துணிக்கு எங்கே போவது? சுற்றுமுற்றும் பார்த்தேன். திருப்பூர்க் கூட்டம், உடம்பெல்லாம் பருத்தி. கட்டிங் மாஸ்டர் மட்டும் மெல்லிய நைலான் டிராக் பேண்ட் போட்டிருந்தார்.

"மாஸ்டர், பேண்டக் கழட்டுங்க!"

"என்ன அண்ணாச்சி, எம் பேண்டயா கேக்கிய?"

"எம்பொண்டாட்டி மேல இருக்கறா மாஸ்டர்!"

மனிதர் அந்த நொடியே கழற்றிக் கொடுத்துவிட்டார். காட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை உருவி, "இந்தாங்க சாமி, கட்டிக்குங்க" என்று நீட்டினார். பேண்டின் இடுப்பை வளையத்தின் மேல் மடித்து டேக் கன்னால் சுற்றிலும் அடித்தேன். அவசரத்தில் இரண்டு டேக் என் விரலிலேயே ஏறியது. கயிற்றை இழுத்தேன். காற்று உள்ளே புகுந்ததும் இரண்டு கால்களும் விறைத்துக்கொண்டு கிழக்கே உதைத்தன.

விமானம் ஓடுதளத்துக்கு மேலே இரண்டு தென்னை உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. திடீரென்று உறுமி மேலே எழுந்தது. எங்கள் தலைக்கு மேலேயே போய், கிணற்றையும் தாண்டி, சுற்றித் திரும்பி, கிழக்கேயிருந்து காற்றுக்கு எதிராக வந்து, மெதுவாக, பூ வைத்த மாதிரி இறங்கி நின்றது.

கூட்டம் பேண்டுக்குக் கை தட்டியது. விழாவின் சிறந்த படைப்பு என்று நிறையப் பேர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு மணிக்கு மணலிலிருந்து எழுந்து வந்த சின்ன முதலாளி, முதலில் கேட்டது: "இது யார் அப்ரூவ் பண்ணினது?" துண்டோடு நின்று சீல் குத்திக்கொண்டிருந்த மாஸ்டர், "நாந்தான் சார்" என்றார்.

இறங்கியதும் என் மனைவிக்குக் காட்டுக்காரரிடமும் மாஸ்டரிடமும் மேலேயிருந்து பார்த்த முருங்கைத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. கடைசி நேரத்தில் மேலே எழுந்தது ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாள். பைலட் கம்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பேண்டை ஏற்றிக் காப்பாற்றியவன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் தாராபுரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். அவள் என் தோளில் கை வைத்தபடி இன்னும் முருங்கைத் தோட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மிணி, அந்தத் துணி தப்புன்னு உன்னைய ஏத்தறப்பவே எனக்குத் தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய நிறுத்துங்க" என்றாள். இறங்கி நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். காற்று இரண்டு பேரையும் தள்ளியது. ஒரு மைல் இருக்கும். பிறகு நின்று திரும்பினாள்.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் ஏறித்தான் இருப்பனுங்க. அவ்வளவு ஆசை எனக்கு. ஆனா நான் உங்களக் கேட்டனில்லீங்க? வாயத் தொறந்து கேட்டன்."

நான் வண்டியின் கண்ணாடியில் படிந்திருந்த எம்-சாண்டைத் துடைத்தேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, "செரி, எடுங்க" என்றாள். ஏறிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள், அன்று திருப்பூர் வரைக்கும் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.