மறுபடியும் புகைந்த மோரிஸ்

கதிர்காமநாதன் அண்ணன் என் பட்டறைக்கு வருவது எனக்கு மூக்கில்தான் முதலில் தெரியும். எழுபத்தொன்பதாம் வருடம். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கிலிருந்த என் கார் பட்டறை வாசலில் அவருடைய பழைய மோரிஸ் மைனர் வந்து நிற்கும்போது பெட்ரோல் நாற்றம் குப்பென்று உள்ளே வரும். பின்னால் கறுப்புப் புகை தெருவையே மறைக்கும். எதிர்க்கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதிக் கதவைச் சாத்திவிடுவார்.

அண்ணன் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் ரயில்வே ஆபீசில் கிளார்க். வீடும் அங்கேயே, பாகான் டாலாமில். சிலோன்காரர். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான், கழுத்துப் பொத்தான் திறந்து நான் பார்த்ததே இல்லை. அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இப்படி அமைதியாக இருப்பவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அவரிடம் மட்டும் ஏனோ வரவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் மனைவி புஷ்பராணியோடு காரையும் ஃபெரியில் ஏற்றித் தீவுக்கு வருவார். அவரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற விட்டுவிட்டு நேரே என்னிடம் வருவார். மனைவிக்கு என்ன நோய் என்று கேட்டபோது முதலில் வயிற்றுப்புண் என்றார். பிறகு ஒருநாள் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். வயிற்றில் புற்றுநோய்.

"மனுசிக்குத் தெரியாது, தம்பி. டாக்டர் எனக்குத்தான் சொன்னவர். அவவுக்குப் புண் எண்டுதான் எல்லாரும் சொல்லி வச்சிருக்கிறம்."

அவர்கள் சொந்தத்தில் அதுதான் வழக்கமாம். நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் மனம் விட்டுவிடுவார்கள் என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

அவருக்கு அன்று இருந்த கவலை வேறு. காலையில் ஃபெரி வரிசையில் கார் நின்று நின்று நகரும்போது பெட்ரோல் நாற்றம் உள்ளே ஏறி, அந்த அம்மா வாந்தி எடுத்துவிடுகிறாராம். ஏற்கெனவே மருந்து குடலைப் புரட்டும். இனி இந்த நாற்றத்தில் வரவேமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"டாக்சியில கூட்டிட்டு வாங்க அண்ணே."

"வேற ஆளின்ர காருக்குள்ள சத்தி எடுத்தால் வெக்கம் எண்டுறா. மருந்தை நிப்பாட்டினால் எல்லாம் முடிஞ்சுது, தம்பி. எப்பிடியாவது இதைச் சரியாக்கித் தாங்கோ."

கண் கலங்கியிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்ரெட்டரை நான் அன்றைக்கே கழற்றினேன். பிளக் எல்லாம் சிமினி விளக்குக் கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. என்ஜினுக்குக் காற்றை விடப் பெட்ரோல் அதிகம் போகிறது, அதில் சந்தேகமில்லை. ஜெட்டைக் கழுவினேன். மிதவையைச் சரிசெய்தேன். பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கிற ஊசி வால்வைப் புதிதாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்து அதே புகை, அதே நாற்றம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவர் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. நான் வேலை செய்யும் நேரமெல்லாம் பக்கத்தில் நின்று, "இது என்னத்துக்கு? அது என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டிய நேரம் தாண்டிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார்.

கடைசியில் பெட்ரோல் பம்பைப் பார்த்தேன். அது மோரிஸின் பம்பே இல்லை. பழைய பம்பு கெட்டபோது யாரோ ஒரு பெரிய காரின் பம்பை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மீட்டரை வைத்தால் ஆறு பவுண்டு பிரஷர் காட்டியது. இந்தச் சின்ன கார்ப்ரெட்டருக்கு இரண்டு, இரண்டரை போதும். பால்குடிக் குழந்தைக்குப் படியளவு சோற்றைத் திணித்த கதைதான். பெட்ரோல் தள்ளுகிற தள்ளலில் ஊசி வால்வு மூடவே முடியாமல் கார்ப்ரெட்டர் கிண்ணம் வழிந்திருக்கிறது. கார் நின்றுகொண்டு ஓடும்போது இன்னும் மோசம்.

பம்புக்கும் கார்ப்ரெட்டருக்கும் நடுவில் பிரஷரைக் குறைக்கிற ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தினேன். என்ஜினை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அதன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன். முள் இறங்கி இறங்கி இரண்டரையில் நின்றது. புகை நின்றது. என்ஜின் சத்தமே மாறிவிட்டது.

"இதை எந்தப் பக்கம் திருப்பினால் கூடும், தம்பி?"

"உள்ளே இறுக்குனா கூடும் அண்ணே. நீங்க தொடாதீங்க லா. நட்டு போட்டு லாக் பண்ணியாச்சு."

ஃபெரி வரிசையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அன்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் புஷ்பராணி அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். சலேஹா என்ற நர்ஸ் மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். புடவைக்குள் ஆளே இல்லாதது போல் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வரிசையில் வெகுநேரம் நின்றோம். நான் மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடல் உப்பு வாடைதான் வந்தது.

ஃபெரி நடுக்கடலுக்கு வந்ததும் அக்கா பேசினார்.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கு மணக்கேல்லை."

"ஓம். தம்பி சரியாக்கிப் போட்டார்."

"அப்ப இனி உங்களுக்கு அங்க வேலை இல்லை. அடுத்த கிழமை நீங்களும் என்னோட உள்ளுக்கு வந்து இருங்கோ. அந்தச் சலேஹாப் பிள்ளைதான் எப்பவும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. அவவுக்கும் வேற வேலை இருக்கு."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபெரி கரை சேரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. என் வேலை பலித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் டயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது குப்பென்று நாற்றம். நிமிர்ந்து பார்த்தால் மோரிஸ். பின்னால் கறுப்புப் புகை.

"திரும்பவும் வந்திட்டுது, தம்பி" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

பானெட்டைத் திறந்தேன். ரெகுலேட்டரின் லாக் நட்டில் குறடு வைத்துத் திருகிய புதுக் கீறல் பளபளவென்று இருந்தது. திருகு அடிவரைக்கும் உள்ளே போயிருந்தது. மீட்டர் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"யார் அண்ணே இதைத் தொட்டது?"

அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கார் சரியாகிட்டால் அங்க அவவோட போய் இருக்கவேணும், அது என்னால ஏலாது, தம்பி. அவ என்ர முகத்தைப் பார்ப்பா. நான் அழுதிடுவன். அழுதால் அவவுக்கு விளங்கிப் போகும்."

"காலையில அக்கா இந்தக் கார்லதானே வந்தாங்க?"

தலையை ஆட்டினார்.

"வாந்தி எடுத்தாங்களா?"

அதற்கும் ஆமென்று தலையை ஆட்டினார். பிறகு அந்த முழுக்கைச் சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை அடித்துவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன். பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று அவளையே வாந்தி எடுக்க வைத்துவிட்டு வந்து நிற்கிற மனிதனை என்னவென்று திட்டுவது?

"அண்ணே, அவுங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? இனிமே செவ்வாய்க்கிழமை என் கடை உங்களுக்குப் பூட்டு லா. ஏறுங்க."

கார் சாவியை வாங்கிக்கொண்டு, அவரை என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினேன். அவர் படியேறி உள்ளே மறையும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்து திருகை இரண்டரைக்கு இறக்கி, நட்டை இறுக்கினேன். மாலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் செவ்வாய்க்கிழமைகளில் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் அக்கா போய்விட்டார் என்று செய்தி வந்தது. பாகான் டாலாம் வீட்டுக்குப் போனேன். வாசலில் மோரிஸ் துடைத்துச் சுத்தமாக நின்றது. அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்துப் பொத்தான் திறந்து கிடந்தது.

"அண்டைக்கு நீங்கள் கொண்டுபோய் விட்டனீங்கள் எல்லோ, தம்பி" என்றார். "நான் உள்ளுக்குப் போனதும் அவ கண்ணைத் திறந்து பார்த்தா. சலேஹாப் பிள்ளையின்ர கையை விட்டுப்போட்டு, எனக்கு இருக்க இடம் விட்டு மெல்லக் காலை ஒதுக்கினா. பிறகு கேட்டா, 'ஏன், இண்டைக்குத் தம்பியின்ர கடை பூட்டோ?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம், பூட்டு எண்டன். 'நல்லதாப் போச்சு. நான் அழமாட்டன், நீங்களும் பயப்பிடாமல் இருங்கோ' எண்டா. அண்டைக்கு நான்தான் அழுதனான். அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா."