தையல்காரி போட்ட சாலை

எங்கள் அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் தையல்காரிதான். ஊசி நூலைத் தொட்டறியாதவள். சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள். ஆனால் அறுந்த சாலைகளைச் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கார்களுக்குள் வழி காட்டும் திரை இருக்கிறதே, அதற்கு மேப் தயாரிப்பது எங்கள் வேலை. வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் விரித்து வைத்து, அதில் தெரியும் சாலைகளின் மேல் கோடு இழுப்போம். தோப்போ மேகமோ குறுக்கே வந்தால் கோடு அறுந்துபோகும். அறுந்த இடத்தில் கணினி ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அதைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் சாலை ஒரே அகலத்தில் ஒரே போக்கில் இருந்தால் நடுவே இணைத்துவிடலாம். அதற்குத்தான் எங்களிடம் தையல் என்று பெயர். சந்தேகமாக இருந்தால் தைக்காமல், ஆள் நேரில் போய்ப் பார்க்கட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்கினால் மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நேரில் போய்ப் பார்க்க அவரிடம் இருந்தது ஓர் ஓட்டை வண்டியும் முதுகுவலிக்கார டிரைவர் ஒருவரும்தான். அதனால் எங்கள் அறையில் சந்தேகம் என்பதே கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது.

தையல்காரி வாயில் அந்தக் கெட்ட வார்த்தை வந்ததே இல்லை. புள்ளியைத் தட்டுவாள், கண்ணைச் சுருக்குவாள், தைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவாள். நான் ஒரே புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா? வெறும் நிழலுடி அது. தச்சுத் தள்ளு" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஊர் உலகத்துக்கெல்லாம் சாலை போட்டவளுக்குச் சாலைப் பயணம் மட்டும் ஆகாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்தேதான் போய்வருவாள். கணினியில் வெளிச்சம் விழக் கூடாதென்று எங்கள் அறையின் ஜன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். ஏசிக் குளிருக்குக் கணவரின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பூமி முழுவதையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் தெரியாது.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தார். தையல்காரிக்கு அந்த நாத்தனார் கொடுக்காத குடைச்சல் இல்லை. சாம்பாரில் உப்பு, துணி மடிக்கும் விதம், போனில் பேசும் நேரம், எல்லாவற்றிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடுவார். அவளுடைய வேலையைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம், "நாள் பூரா உக்காந்து கோடு கிழிக்கறதுக்குச் சம்பளமாம்" என்பதுதான். அந்த அம்மாவுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பெட்டி படுக்கையோடு அவரைக் கொண்டுபோய் விட, தையல்காரியின் கணவர் காரிலேயே கிளம்பினார். ஒரு நாளில் முடிகிற பயணம் இல்லை. அந்தக் காரில் இருந்தது எங்கள் மேப்.

அவர்கள் விடிகாலையில் கிளம்பிய அன்று மத்தியானம், டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அவள் போன் அடித்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"லாரி ஒண்ணு கவுந்து ரோட்டையே அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. இப்ப நகர்ற மாதிரி தெரியல. மேப் இடது பக்கமா ஒரு சின்ன ரோடு காட்டுது. போகலாமா?" என்றார் கணவர்.

பக்கத்தில் என்ன ஊர் காட்டுகிறது என்று கேட்டாள். அவர் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அட, அது நான் தச்ச ரோடுங்க! கண்ண மூடிட்டுப் போங்க."

பின்னாலிருந்து நாத்தனார் குரல் கணீரென்று வந்தது. "இவ தச்சதா? அப்ப கண்ணத் தொறந்துக்கிட்டுதான் போகணும் தம்பி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். குரல் விட்டு விட்டுக் கேட்டு, தொடர்பு அறுந்தது.

அதோடு விட்டிருந்தால் சாயங்காலம் வரை நிம்மதியாக இருந்திருப்போம். "பாரேன், எப்படி நூல் பிடிச்ச மாதிரி போட்டிருக்கேன்னு" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்த இடத்தைத் திறந்தாள். அந்தப் பகுதிக்குப் புதுப் படம் வந்திருந்தது. அவள் தைத்தது பழைய படத்தைப் பார்த்து. அதில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. சாலை ஒரு கறுப்புத் திட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. மர நிழல் என்று யாரும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

புதுப் படத்தில் வெயில் நேர் மேலே இருந்தது. அங்கே மரமே இல்லை. இந்தப் பக்கத்துச் சாலை ஒரு விளிம்பில் நின்றுபோயிருந்தது. எதிர் விளிம்பிலிருந்து அந்தப் பக்கத்துச் சாலை கிளம்பியது. நடுவே கல்குவாரி. படி படியாக வெட்டி இறக்கிய பாறை, அடியில் கரும்பச்சையாகத் தண்ணீர். குவாரிக்காரர்கள் வெட்டி வெட்டிச் சாலையின் நடுப்பகுதியையே தின்றுவிட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தின் மேல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அவளுடைய தையல் நேராகக் கிடந்தது.

பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

கணவருக்குப் போட்டாள். நாத்தனாருக்கு நான் போட்டேன். இரண்டு போனிலும் ஒரே பெண் தேன் ஒழுகும் குரலில், அவர்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னாள். நேரில் கிடைத்திருந்தால் அந்தப் பெண்ணை அறைந்திருப்பேன். தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கை தானாகப் போய் அந்தத் தையலைப் பிரித்தது. கோடு இரண்டாக அறுந்து, பள்ளத்தின் இரண்டு கரைகளிலும் நின்றது.

"எடுத்துட்டேன். எடுத்துட்டேன்டி" என்றாள்.

எடுத்து என்ன பிரயோசனம்? எங்கள் கணினியில் எடுத்தது ஓடுகிற காருக்குள் போகாது. காரில் இருப்பது அது கடைசியாக சர்வீஸுக்குப் போனபோது ஏற்றிய மேப். அடுத்த முறை போகிறபோதுதான் மாறும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நிமிடம் வரை அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

பக்கத்து அறைக்கு ஓடினேன். குளம், பாறை, பள்ளம் போடுகிறவர்கள் அங்கே தனியாக இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் குவாரித் தண்ணீரை நீலமாக எப்போதோ போட்டிருந்தார்கள். நீலத்தின் மேல் சாலை போனால் கணினி அதைப் பாலம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் கோட்டையும் அவர்கள் நீலத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. அந்த நீலமும் திரையைப் பெரிதாக்கினால்தான் தெரியும். நெடுந்தூரம் போகிறவன் முழு வழியும் கண்ணில் படுகிற மாதிரிதான் மேப்பை வைத்திருப்பான். அப்போது சாலையும் ஊர்ப் பெயரும் தவிர எல்லாம் மறைந்துபோகும். திரையில் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, நிலத்திலும் ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு போவான்.

அவள் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு போனை மாற்றி மாற்றி அழுத்தினாள். வீட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பையை எடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்கத் தயங்கி நழுவினார்கள். அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். எனக்கும் அதே நினைப்புதான்.

போன் அடித்தபோது எடுக்க அவளுக்குப் பயம். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

நாத்தனார். மூச்சு வாங்கப் பேசினார். "எங்க அவ? ரோடு போட்டாளாம் ரோடு! பெருசு பண்ணிப் பாக்கறேன், ரோடு நேராத் தண்ணிக்குள்ள போகுது. பாலமா இருக்கும்கறான் இவன். பாலம்னா ஒரு போர்டு இருக்காதா, கைப்பிடி இருக்காதா? நிறுத்துடான்னு கத்தி, எறங்கி நடந்து பாத்தா... அம்மாடி." அந்த அம்மா அழுது நான் கேட்டது அன்றுதான்.

கணவர் போனை வாங்கினார். "ஒண்ணும் இல்ல. அக்கா சும்மா இருக்காம உன் வேலைல குத்தம் கண்டுபிடிக்கப் பாத்தாங்க. அதான்..." என்று இழுத்தார். தையல்காரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அண்ணிகிட்ட குடுங்க" என்றாள்.

கதை இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பிழைத்தார்கள், போதும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அதான் கோட்டை எடுத்தாச்சே?" என்றார் அவர்.

"வண்டிங்கள்ல இருக்கே சார். லாரி கவுந்ததுல எல்லாரும் அந்த வழியாத்தான் திரும்புவாங்க. ஏதாவது அறிவிப்பு குடுங்க சார்."

"ஒண்ணுக்குக் குடுத்தா எல்லாத்துக்கும் கேப்பாங்கம்மா. அடுத்த மேப்ல சரியாயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க." அவ்வளவு சுலபமாகக் கை கழுவிவிட்டார். அந்த ஊர் போலீசுக்குப் போன் போட்டோம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரோடு இல்லைன்னா எதுக்கும்மா மேப்ல போட்டீங்க?" என்றார். பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்.

விடிந்ததும் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஸ்வெட்டரும் வாந்திக்கு ஒரு கட்டு பாலிதீன் பையும். "என்னை அங்க கொண்டுபோய் விடு" என்றாள். பைத்தியமா என்று திட்டினேன். திட்டிக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வாந்தி. நிறுத்தவா என்று கேட்டபோதெல்லாம், போ என்று கையை மட்டும் ஆட்டினாள்.

பிரதான சாலையில் நெரிசல் இன்னும் தீரவில்லை. என் காரின் திரையும் இடது பக்கம் திரும்பச் சொன்னது. நல்ல தார்ச் சாலை. இரண்டு பக்கமும் முள்செடி, ஆள் நடமாட்டம் இல்லை. கடைசியில் ஒரு மேடு ஏறியது. ஏறும்போது முன்னால் வானம் மட்டும்தான் தெரிந்தது. மேட்டுக்குக் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து ஏறினோம். மேலே போனதும் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாரில் போட்ட வெள்ளைக் கோடு விளிம்பு வரை ஒழுங்காக வந்திருந்தது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் காரைச் சாலைக்குக் குறுக்கே போடச் சொன்னாள். போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி வந்தது. ஓட்டியவர் நடுத்தர வயதுக்காரர். பின் சீட்டில் மனைவியும் ஒரு பெரியவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாரனை அடித்தார். தையல்காரி நேராகப் போய் அவர் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஓரமா எடுங்கம்மா. நாங்க ரொம்ப தூரம் போகணும்."

"இதுக்கு மேல ரோடு இல்லைங்க. குவாரிப் பள்ளம்."

"மேப்ல இருக்கே." திரையைத் தட்டிக் காட்டினார். "இதோ, நேராப் போகுது பாருங்க. இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?"

"அதப் போட்டவ நான்தாங்க" என்றாள். "பாக்காமப் போட்டுட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கி மேட்டின் மேல் நடந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் கதவை மெல்லச் சாத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தார். அதில் அவர் போக வேண்டிய வழி எங்கும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்மா" என்றார். "வேற எங்கெல்லாம் இப்படிப் போட்டிருக்கீங்க?"