விரதம் இருந்த போன்

செல்போன் கற்றுத்தரும் புத்தகம் போட்டுப் பிழைக்கலாம் என்று எனக்கு யார் சொன்னார்களோ, அந்த மகராசனுக்கு ஒரு கும்பிடு. நானும் என் மனைவியும்தான் பதிப்பகம். செங்கல்பட்டில் வாடகை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். பக்கத்துக்குப் பக்கம் போன் திரையின் படம் இருக்கும். எங்கே அமுக்க வேண்டுமோ அங்கே அவள் அம்புக்குறி போடுவாள், நான் விளக்கம் எழுதுவேன். அப்டேட் வந்து போன் திரையின் முகம் மாறும்போதெல்லாம் நாங்களும் புதுப் பதிப்பு போட்டாக வேண்டும்.

போன பதிப்பு எங்களைக் கவிழ்த்துவிட்டது. பாதி வேலையில் போன் தானாகவே அப்டேட் ஆகி, முதல் பாதியில் ஒரு முகமும் பின்பாதியில் வேறு முகமுமாகப் புத்தகம் வந்தது. கடைக்காரர்கள் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அதனால் இந்தத் தடவை புத்தகத்துக்குத் திரையைப் படம் எடுக்கும் போனில் அப்டேட்டையே நிறுத்திவிட்டோம். புத்தகம் அச்சாகி வரும்வரை அதற்கு விரதம் என்று சொல்லிச் சிரித்தோம். பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு. இதுவும் விற்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் விட்டுவந்த கம்பெனி வேலைக்கே நான் திரும்புவதாகப் பேச்சு. அந்த ஷிப்ட் பஸ்ஸில் இன்னொரு தடவை ஏறும் எண்ணமே எனக்கு இல்லை.

திருக்கழுக்குன்றம் தேர்த் திருவிழாவில் குளக்கரையோரம் மேசை போட்டோம். முதலில் வந்தது செய்யூர் பக்கத்து அம்மாள் ஒருத்தி. சவுக்குத் தோப்பில் கூலி வேலை, மகன் வெளிநாட்டில்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் வீடியோ கால் போட்டுக் குடுக்குது தம்பி. கூடவே நின்னுகினு கீது. மனசு வுட்டு ஒண்ணும் பேச முடியல. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இத்தப் பாத்து நானே போட்லாமா?"

"கண்ண மூடிகினு போட்லாம்க்கா," என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் புத்தகத்தோடு குளத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். இன்னும் சில பேர் வாங்கினார்கள். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மதியம் அவள் திரும்பி வந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். முகம் செத்திருந்தது.

"என் மண்டையில ஏறல தம்பி. பொம்மையில கீற எடத்துலதான் அமுக்குறேன், ஒண்ணும் வரல. வேற யாருக்குனா குடு. எங்கையில வீணாப் போவுது."

அவள் போனை வாங்கி, பக்கத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். எங்கள் அம்புக்குறி காட்டிய இடத்தில் போனில் ஒன்றுமே இல்லை. அடுத்த பக்கத்தைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. எங்கள் போன் விரதம் இருந்த மாதங்களில் ஊரார் போனுக்கெல்லாம் முகம் மாறிவிட்டது. எங்கள் இருவர் கையிலும் இருந்த சொந்த போன்களோ அரதப் பழசு, அப்டேட்டே வராதவை. எங்களுக்கு எப்படித் தெரியும்? மேசைக்கடியில் கட்டுக் கட்டாக அதே புத்தகம்.

"தப்பு உங்க மேல இல்லக்கா. புக்குதான் தப்பு."

"சும்மா சொல்லாத தம்பி. அச்சடிச்சது தப்பா இருக்குமா? எனக்குத்தான் புத்தி பத்தல."

அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. தடவித் தடவி அந்தப் பட்டனைக் கண்டுபிடித்து நானே போட்டுக் கொடுத்தேன். திரையில் மகன் வந்தான்.

"யாரும்மா போட்டுக் குடுத்தாங்க?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து மகனுக்குக் காட்டினாள்.

"யாரும் இல்லடா. இந்த புக்கப் பாத்து நானே போட்டேன்."

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேசியபடியே படியிறங்கிப் போனாள். சத்தமாகச் சிரிப்பது மேலே எங்களுக்குக் கேட்டது.

"நாளைக்கு இன்னா பண்ணும் அந்தம்மா?" என்றாள் என் மனைவி.

நான் கயிற்றை எடுத்து, மேசைமேல் பரப்பியிருந்த புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தேன்.