லிப்ட்காரர் சுடும் டிவிடி

புதுத் தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார் லிப்ட்காரர். கீறல் எதுவும் இல்லை. ஆனாலும் மனம் கேட்காமல், பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை துடைக்கிறார். டிவிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று எங்கேயோ படித்தாராம். அன்றிலிருந்து வீட்டில் யாராவது சோற்றுத் தட்டை வட்டமாகத் துடைத்தாலும் அவர் முகம் சுருங்கிவிடுகிறது.

சாப்பாட்டு மேசையில் பாதி அவருடைய கம்ப்யூட்டருக்குச் சொந்தம். மீதிப் பாதியில் குடும்பம் சாப்பிட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் சூடாகும். அதனால் மின்விசிறியும் அதன் பக்கம்தான் திரும்பி நிற்கிறது. "என் சக்களத்திக்கு இன்னிக்கும் ஜுரமா?" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்கிறார் மனைவி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. "வெந்துட்டிருக்கு, தொடாதீங்க" என்பார்.

இணையத்திலிருந்து இறக்கிய வீடியோவை, டிவிடி பிளேயருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றும் வேலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வேகவைப்பது. அதற்கு அரை நாள் பிடிக்கும். வெந்ததைத் தட்டில் ஏற்றுவது சுடுவது. ஆரம்பத்தில் இது தெரியாமல், இறக்கிய கோப்பை அப்படியே தட்டில் போட்டுக் கொண்டுபோய்விட்டார். பிளேயர் அதை உள்ளே இழுத்துக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, தட்டே இல்லை என்று சாதித்தது. "வேகாததச் சுட்டா அது துப்பிடும்" என்று இப்போது கேட்காதவர்களுக்கும் சொல்லித் தருகிறார்.

பகலெல்லாம் ஊர்க் கட்டடங்களின் லிப்ட் பழுது பார்க்கிற மனிதர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் சுவரில் உள்ளங்கையை வைத்து, மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்காமல் வரமாட்டார், அது கல்யாண வீடாக இருந்தாலும் சரி. அவர் குடியிருப்பதோ மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் தெருவில் இல்லை. எல்லாருடனும் சேர்ந்து அவரும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அது அவரைக் குத்துகிற விஷயம். இடுப்பு உடைந்த தங்கையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது அந்தப் படிகளால்தான்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். சின்ன வயதில் அவளோடு சேர்ந்து அண்ணனும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டார். இப்போது அவள் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கனிவான இடம், சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. கையால் பேசத் தெரிந்தவர் மட்டும் அங்கே ஒருவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தால்தான் அவளுக்குப் பேச்சு. மற்ற நாளெல்லாம் அவள் அறையில் இருக்கும் பழைய டிவியும் டிவிடி பிளேயரும்தான் துணை. காது கேட்காதவர்கள் தங்களுக்குள் கையால் கதை சொல்லி, செய்தி சொல்லி, சண்டை போட்டு இணையத்தில் போடுகிறார்களே, அவற்றைத்தான் அவர் தேடித் தேடி இறக்குகிறார், வேகவைக்கிறார், சுடுகிறார்.

"மாமா, இந்தக் காலத்துல யாரு டிவிடி பாக்குறாங்க? ஒரு டேப்லெட் வாங்கிக் குடுத்துடலாமே" என்று மருமகன் சொன்னதோடு நிற்கவில்லை, வாங்கியும் கொடுத்தார். தங்கைக்குக் கை நடுக்கம். ஒரு தரம் தொட்டால் அந்தத் திரை அதைப் பத்துத் தரமாக எடுத்துக்கொண்டது. கதை மூடிக்கொண்டது, அலாரம் அடித்தது, யாருக்கோ போன் போனது. மறுவாரமே அதைத் துணியில் சுற்றி மருமகன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார் லிப்ட்காரர். "அவளுக்கு ஒரே ஒரு பொத்தான் போதும் மாப்பிள்ளை. அமுக்கினா ஓடணும். புதுசு வேணும்னா நீங்க வச்சுக்குங்க." அவர் பிடித்தால் பிடித்த பிடிதான்.

அவரும் சறுக்கியிருக்கிறார். இணையத்து வீடியோ அகலமானது, தங்கையின் டிவியோ சதுரம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, திரை நிறையும்படி இரு பக்கமும் வெட்டிச் சுட்டுக் கொடுத்தார். தங்கை அதை முழுசாகப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, கதை சொன்ன பெண் நல்லவள்தான், ஆனால் வாய்க்குள்ளேயே முனகுகிறாள் என்று கையால் சொன்னாள். போட்டுப் பார்த்தால், கதைக்காரி கையை விரிக்கும்போதெல்லாம் விரல்கள் திரைக்கு வெளியே போயிருந்தன. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து படத்தைச் சுருக்கி, நாலு பக்கமும் கறுப்பாக இடம் விட்டுத்தான் சுடுகிறார். படம் தபால்தலை அளவுக்குப் போனாலும் ஒரு விரல் நுனிகூட வெட்டுப்படக் கூடாது.

தட்டின் மேல் எழுத மாட்டார், தங்கைக்குப் படிப்பு வராது. மார்க்கரால் படம் வரைவார். அவர் வரைந்த குதிரையை ஸ்டூல் என்று நினைத்து, ஸ்டூல் கதை இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள் தங்கை.

போன வாரம் இல்லத்துக்குப் புது மேற்பார்வையாளர் வந்தார். அறைகளில் இருக்கும் பழைய டிவிகளை எல்லாம் அப்புறப்படுத்தப் போவதாகப் போனில் சொன்னார்.

"ஹால்ல பெரிய டிவி மாட்டியாச்சு சார். எல்லாரும் அங்க வந்து பாக்கட்டும். அதுவும் இவங்களுக்குக் காதே கேக்காது, தனி டிவி எதுக்கு?"

"அங்க எல்லாரும் வாயைத்தான் அசைக்கிறாங்க. அவளுக்கு அது மீன்தொட்டி சார். நாள் பூரா நீங்க மீன்தொட்டியப் பாப்பீங்களா?"

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

போனை வைத்த கையோடு இன்னொரு வீடியோவை வேகவைக்க ஆரம்பித்தார் லிப்ட்காரர். "டிவியையே எடுக்கப் போறாங்க, இதுல இன்னொண்ணு எதுக்குங்க?" என்றார் மனைவி. "எடுக்கட்டும் பாக்கலாம்" என்றார். அந்தப் பெட்டி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவே தன் தங்கையிடம் பேச உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஞாயிறன்று அவர் போனபோது, டிவியை எடுக்கத் தள்ளுவண்டியோடு ஆள் அறை வாசலில் நின்றிருந்தான். அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ப் புதுத் தட்டைப் போட்டார். திரையில் ஒரு கிழவர் கையால் தன் மாமியாரைப் பற்றி வம்பளக்கத் தொடங்கினார். தங்கை நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த மேற்பார்வையாளர் டிவிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் வீசி வீசி விதிமுறையை விளக்க ஆரம்பித்தார்.

"எடுக்கிறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க" என்று பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றார் லிப்ட்காரர். அதற்குப் பதில் சொல்ல இன்னும் வேகமாகக் கையை வீசினார் மேற்பார்வையாளர்.

கையால் பேசுகிறவர்களுக்குக் கை வீச்சுதான் இரைச்சல். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எட்டி, மேற்பார்வையாளரின் இரண்டு கைகளையும் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக நாற்காலிக் கையில் வைத்து, அவற்றின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.