லைட் செட் தென்னரசு தேடிய இருட்டு

விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தென்னரசு லைட் செட் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் சீரியல் பல்பைத் தொங்கவிட்டு, ஊரைப் பட்டப்பகலாக்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நட்சத்திரப் பைத்தியம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே, இன்னா வெளிச்சம் சார் இது" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போட்டது யாராம்?

பால்வீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும், மனைவி பிரபாவதிக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருமுறை திருவாமாத்தூர்ப் பக்கம் வண்டியில் கூட்டிப்போனார். விழுப்புரத்து வெளிச்சம் பின்னாலேயே வந்தது. இன்னொருமுறை வானூர், கிழக்கே பாண்டிச்சேரி ஜொலித்தது. பிரபாவதி இரண்டு தடவையும் கொசுக்கடியோடு திரும்பினார்.

நிலா இல்லாத நாள்தான் தோது. ஆனால் அமாவாசை என்றால் ஜனம் மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திரண்டு போகும். வழியெல்லாம் அன்னதானப் பந்தல், பாதிப் பந்தலில் தென்னரசின் லைட். வானம் இருட்டுகிற நாளில்தான் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. கடைசியில் பிரபாவதி கறாராகச் சொல்லிவிட்டார்: "வர்ற அமாவாசைக்கும் நீங்க வரலன்னா, இனிமே நச்சத்திரம் அது இதுன்னு எங்கிட்ட பேச்சே எடுக்காதீங்க."

ஆவணி அமாவாசையன்று பந்தல் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, திண்டிவனம் தாண்டி ஒரு வேர்க்கடலைக் காட்டோரம், எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லையோரம், பாய் விரித்தார் தென்னரசு. நல்ல இருட்டு. கண் பழகும்வரை எந்த வெளிச்சமும் படக் கூடாது என்று மனைவியிடம் சொன்னார்.

உட்கார்ந்ததுதான் தாமதம், பைக்கில் போன ஒருவர் நின்று, ஹெட்லைட்டை முகத்தில் அடித்து, "பஞ்சரா?" என்றார். அவர் நகர்ந்ததும் கொல்லைக்காரர் மண்ணாங்கட்டியும் அவர் மனைவி கோவிந்தம்மாளும் டார்ச்சோடு வந்தார்கள். அமாவாசையில் யாரோ கொல்லையோரம் குந்தியிருந்தால், எலுமிச்சம்பழம் புதைத்து செய்வினை வைக்க வந்தவர்கள் என்றுதானே தோன்றும்? டார்ச் வெளிச்சம் பாயைத் துழாவியது. முறுக்குப் பொட்டலம்தான் அகப்பட்டது. விஷயம் தெரிந்ததும் மண்ணாங்கட்டி உருகிப்போனார்.

"வானத்தப் பாக்கவா வந்தீங்க? அதுக்கு இருட்டுலயா உக்காந்துக்கினு இருப்பீங்க? பாம்பு கீம்பு கெடக்குமே!"

ஓடிப்போய் மோட்டார் கொட்டகையின் ஃபோகஸ் லைட்டைப் போட்டார். கொல்லை கல்யாண மண்டபமாகிவிட்டது.

"அண்ணே, அத ஆஃப் பண்ணுங்க" என்று தென்னரசு கெஞ்சினார்.

"அமாவாச அதுவுமா வெளக்க நிறுத்துறதா? நம்ம எடத்துக்கு வந்த பொம்பளய இருட்டுல குந்த வெச்சா ஊரு இன்னா பேசும்?" மண்ணாங்கட்டி மசியவில்லை.

தென்னரசு பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். பிரபாவதி எழுந்துபோய்க் கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இவரு ராவெல்லாம் ஊரூரா லைட் போட்டுக்கினு கீறாரு. நானு வூட்ல தனியா கெடக்குறேன். எனக்கு நச்சத்திரமும் வாணாம், ஒண்ணும் வாணாம். இன்னிக்கி ஒரு நாளு, லைட் இல்லாத எடத்துல இவரு எங்கூட குந்தியிருக்கட்டும்."

கோவிந்தம்மாள் புருஷனைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். "யோவ், நிறுத்திட்டு ஜல்தி வூட்டுக்கு நட!"

மறுபடி இருட்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பிரபாவதிதான் கை நீட்டினார். "தோ, தெக்கால மாவு சிந்துன மாறி நீட்டமா போவுதே, அதுவா?"

திரும்பிப் பார்த்தால் மனுஷன் வானத்தையே பார்க்கவில்லை. தலையைக் குனிந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பிரபாவதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பால்வீதி எப்படி இருந்தது என்று தென்னரசிடம் கேட்டேன்.

"அவளத்தான் சார் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒயர் சுற்றப் போய்விட்டார்.